துவைக்கக் கூடாத சாக்கு

மழை விட்ட காலையில் எங்கள் தெருவில் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டு போனார்கள். சாக்கடை ஓரமாகத் தூவிவிட்டு, மிச்சம் இருந்ததை என் வாசலுக்கு முன்னால் குறுக்காகக் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பால் வாங்கக் கிளம்பியவன் அந்த வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் நின்றுவிட்டேன். தாண்டக் கால் வரவில்லை. எதிர்வீட்டுக்காரர், "என்ன சார், லட்சுமணன் கோடா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்குக் கடுங்காப்பிதான்.

மூக்கைச் சுடுகிற அந்த வாடை என்னைத் திருப்பூரிலிருந்து தூக்கி எண்பதுகளின் ராஜபாளையத்தில் போட்டுவிட்டது. அதற்கு அடியில் இன்னொரு வாடையும் உண்டு. துருப்பிடித்த இரும்பையும் அழுகின பழத்தையும் சேர்த்து வெயிலில் வைத்தது மாதிரி இருக்கும். நாய்க்குட்டி வளர்த்தவர்களில் சிலருக்குத் தெரியும். ஒருமுறை முகர்ந்த மூக்கு அதை மறக்காது.

எட்டாம் வகுப்பை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் தோற்றவன் நான். அதற்குப் பிறகு லாரியில் கிளீனர், மூணாறு பக்கம் எஸ்டேட்டில் விறகு வெட்டு, பஞ்சாலையில் மூட்டை தூக்கல் என்று போகாத வேலை இல்லை. எந்த ஊரிலும் இரண்டு தீபாவளி சேர்ந்தாற்போலக் கண்டதில்லை. ராஜபாளையத்துக்கும் ஆலை வேலைக்குத்தான் வந்தேன். இருமல் வந்து ஆலையிலிருந்து கழித்துவிட்டார்கள். அடுத்த பஸ்ஸுக்கு நின்றவனைப் பிடித்து நிறுத்தியது ஒரு நாய். உண்மையிலேயே பிடித்தது, வேட்டியை.

அது அல்லி. ராஜபாளையம் நாய் என்றால் தெரியும்தானே, உடம்பு முழுக்க வெள்ளை, மூக்கு மட்டும் குழந்தையின் உள்ளங்கால் நிறம். அல்லிக்குச் சொந்தக்காரி சுப்பம்மாக்கா. நாற்பது தாண்டியவர், புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், நாயிடம் இரண்டும். வேட்டி கிழிந்து நின்ற என்னைப் பார்த்து, "ஒரேய், ஓடுனாத்தான் கடிக்கும். நின்னா வேலைக்கு வச்சிக்கிடும்" என்றார். நின்றேன். நாய்களை நடத்திக்கொண்டு போவதும், கம்பங்கூழ் காய்ச்சுவதும், நாய்கள் அடைகிற கொட்டடியைக் கூட்டுவதும் வேலை. சாப்பாடும் கொட்டடி ஓரத்தில் படுக்க இடமும் உண்டு. என்னை மேய்த்ததும் அந்த நாய்கள்தான் என்று அக்கா சொல்வார்.

இப்போது சாக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அல்லி முதல் ஈற்றில் போட்ட குட்டிகளில் ஒன்று கூடச் சாகவில்லை. வெள்ளை நாய்க் குட்டிகளில் ஒன்றிரண்டு தவறுவது வழக்கம் என்பதால் ஊரே வந்து பார்த்தது. அது குட்டி போட்டுப் படுத்திருந்தது ஒரு பழைய கோணிச் சாக்கின் மேல். அக்கா தன் பழைய சேலையில் ஒரு துண்டைக் கிழித்து அந்தச் சாக்கில் ஒட்டுப்போட்டு வைத்தார். அடுத்தாற்போல் ஒருவர் தன் நாய்க்கு அதைக் கேட்டு வாங்கிப் போனார். அவர் வீட்டிலும் எல்லாக் குட்டியும் பிழைத்தது. அவர் தன் வேட்டியில் ஒரு துண்டை ஒட்டித் திருப்பிக் கொடுத்தார். அப்படியே பழக்கமாகிவிட்டது. எந்த வீட்டில் நாய் சினையோ அந்த வீட்டுக்கு ராசிச் சாக்கு போகும். குட்டிகள் கண் திறந்து தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்ததும் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடும். நான் பார்த்தபோது கோணியே தெரியவில்லை. சேலை, வேட்டி, சட்டை, பட்டாளத்துப் பச்சைத் துணி என்று அத்தனை ஒட்டு. தூக்கினால் ஒரு பிள்ளை கனம் கனத்தது.

ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு. அதைத் துவைக்கக் கூடாது. துவைத்தால் ராசி போய்விடும். வெயிலில் காயப்போட்டு உதறலாம், அவ்வளவுதான்.

அந்த வருஷம் அல்லிக்கு வயதாகிவிட்டது, இதுதான் கடைசி ஈற்று என்று எல்லோருக்கும் தெரியும். சாக்கு மேற்குத் தெருவில் ஒரு வீட்டிலிருந்து திரும்பி வந்தது. குட்டிகள் எங்கே என்று கேட்டதற்கு, எல்லாம் வெளியூருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். புது ஒட்டு ஒன்றும் இல்லை. அதை நாங்கள் கவனித்தோம். மறந்திருப்பார்கள் என்று நினைத்தோம்.

அல்லி அதன்மேல் படுத்துக் குட்டி போட்டது. குட்டிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. நடக்கத் தொடங்கியதும் சேத்தூரிலிருந்து ஒரு பட்டாளத்துக்காரர் வந்து, தன் நாய் சினை என்று சொல்லிச் சாக்கைப் புல்லட்டில் கட்டிக்கொண்டு போனார். பச்சைத் துணி ஒட்டு அவருடையது. ஊரில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் இல்லை, ஆர்மி அண்ணாச்சிதான்.

குட்டிகள் தாய்ப்பால் விட்டுக் கூழ் குடிக்கப் பழகின பிறகு ஒருநாள் காலையில் ஒரு குட்டி தட்டுக்கு வரவில்லை. மூலையில் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. வெள்ளையாக நுரைத்து வாந்தி எடுத்தது. பூச்சியாக இருக்கும் என்று அக்கா விளக்கெண்ணெய் புகட்டினார். ஊரில் எல்லோரும் செய்வதுதான், குட்டி சுணங்கினால் வயிற்றைக் கழுவிவிடுவது. சாயங்காலம் அது ரத்தமாகக் கழிந்தது. அந்த வாடையை அன்றைக்குத்தான் முதலில் முகர்ந்தேன். மறுநாள் அது இல்லை, அடுத்த இரண்டு படுத்துவிட்டன. அவற்றுக்கும் விளக்கெண்ணெய். கொட்டடியைப் பினாயில் ஊற்றிக் கழுவினேன். கழுவக் கழுவச் செத்தன. குழி தோண்டின கையில் கொப்புளம் வந்தது. அல்லி ஒவ்வொரு குழியையும் முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்க்கும். 

கடைசியில் இரண்டே குட்டி. ஒன்று ஆண், ஒன்று பெட்டை. முந்தின ஈற்றுக் குட்டிகளெல்லாம் வெளியே கொடுத்தாகிவிட்டது, இந்தப் பெட்டையும் போய்விட்டால் அக்கா வீட்டில் அல்லியின் வழி அதோடு முடிந்தது. அக்கா பெட்டையை மடியில் போட்டுக்கொண்டு, "போதும்டா எண்ணெயி. ஸ்ரீவில்லிபுத்தூர் மாட்டாஸ்பத்திரிக்குப் போலாம். புதுசா ஒரு டாக்டரம்மா வந்திருக்காம்" என்றார்.

இரண்டு குட்டியையும் கூடையில் வைத்துத் துணி போட்டு மூடி பஸ் ஏறினோம். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னக்கா, கருவாடா?" என்றார். அக்கா துணியை விலக்கிக் காட்டினார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய் நின்றுகொண்டார். பிறகு ஊர் வரைக்கும் வண்டியை எங்கேயும் அதிகம் நிறுத்தவிடவில்லை என்று எனக்கு ஒரு எண்ணம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினபோது எங்கேயோ பால் சுண்டுகிற வாசனை வந்தது. கூடைக்குள் ஆண் குட்டி விறைத்திருந்தது.

டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மதுரைப் பக்கம். குட்டியின் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட்டார். தூக்கின தோல் கூடாரம் மாதிரி அப்படியே நின்றது. "தண்ணியே இல்ல உடம்புல. என்ன குடுத்தீங்க?" என்றார். அக்கா சொன்னார். டாக்டரம்மா கோபப்படவில்லை. முன்னங்காலில் ஊசி ஏற்றி, குளுக்கோஸ் பாட்டிலைச் சன்னல் கம்பியில் கட்டிவிட்டுப் பேசினார்.

"இது பூச்சி இல்லம்மா. 'பார்வோ'ன்னு ஒரு வைரஸ். குடலோட உள்தோலை அரிச்சு எடுத்துடும். அதான் ரத்தம். அதைக் கொல்ற மருந்து யார்கிட்டயும் கிடையாது. தண்ணி ஏத்தி, வாந்திய நிறுத்தி, வேற கிருமி சேராம ஊசி போட்டு உசிரைப் பிடிச்சு வச்சிருந்தா, உடம்பு தானா ஜெயிக்கணும். நீங்க குடுத்த எண்ணெய், இருந்த கொஞ்சம் தண்ணியையும் வெளிய தள்ளிருச்சு."

"நல்லா ஓடிக்கிட்டுத் திரிஞ்சதுகம்மா" என்றார் அக்கா.

"தாய்ப்பால்ல இருக்கிற காப்பு கொஞ்ச நாள் தாங்கும். அது வடியிற நேரம் பாத்துப் பிடிச்சுக்கும். எங்கிருந்து வந்துதுன்னுதான் தெரியல. புதுசா குட்டி, நாய் எதும் வந்துச்சா?"

"இல்ல."

"நாய் வரணும்னு இல்ல. செருப்புல வரும், தட்டுல வரும். மண்ணுல விழுந்தா மாசக்கணக்கா சாகாது. பினாயிலுக்கும் அசையாது. குட்டிங்க எதுமேல படுத்துச்சு?"

அக்கா என்னைப் பார்த்தார். புது ஒட்டு இல்லாமல் திரும்பி வந்த சாக்கு இரண்டு பேர் கண்ணிலும் ஒரே நேரத்தில் வந்துவிட்டது. மேற்குத் தெருக் குட்டிகள் வெளியூருக்குப் போகவில்லை. ராசியைக் கெடுத்த வீடு என்று பேர் வரக்கூடாதே என்று மறைத்துவிட்டார்கள். நான் குனிந்துகொண்டே சாக்கின் கதையைச் சொன்னேன்.

"துவைக்கவே மாட்டீங்களா?" என்றார் டாக்டரம்மா. பிறகு, "இப்ப எங்க இருக்கு?"

"சேத்தூர்ல. அங்க நாய் சினை" என்றேன்.

"அந்தத் தாய்க்கு இந்த நோயே பழக்கம் இல்லன்னா, பால்லயும் காப்பு இருக்காது. பிறந்த குட்டி அதுமேல விழுந்துச்சுன்னா..." என்று டாக்டரம்மா குட்டியைப் பார்த்தார்.

அக்கா பாட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரேய், நான் இதப் பாத்துக்கறேன். நீ போ. அதக் கொளுத்திட்டு வா."

அந்தச் சாக்கு அவருடைய அல்லி வாங்கிக் கொடுத்த பேர். முதல் ஒட்டு அவர் சேலை. ஊர் அவரை மதித்ததே அந்தச் சாக்கால்தான். கை மட்டும் குட்டியின் காதைப் பிடித்துப் பிடித்து விட்டது.

டாக்டரம்மா ஒரு பொட்டலம் பிளீச்சிங் பவுடரைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தார். தண்ணீரில் கரைத்து என் கை, கால், செருப்பு எல்லாம் கழுவச் சொன்னார். "நீங்களும் அந்தச் சாக்கும் ஒண்ணுதான். குட்டி இருக்கிற வீட்டு வாசல்படியை மிதிக்கக் கூடாது. தெருவுல நின்னு பேசுங்க." பள்ளிக்கூடத்தில் அடிக்கடி வெளியே நின்றவன் நான், ஆனால் நாய்க்கு நோய் தருவேன் என்று நிறுத்தியது அதுதான் முதல் தடவை. மாற்றுச் சட்டை கிடையாது. குழாயடியில் கழுவி ஈரத்தோடு பஸ் ஏறினேன்.

சேத்தூரில் ஆர்மி அண்ணாச்சி புல்லட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். தெருவில் நின்றே கூப்பிட்டேன்.

"ஏலே, உள்ள வாலே. என்ன அங்கனயே நிக்க?"

"வரக்கூடாதுண்ணாச்சி. சாக்கு எங்க?"

"என் நாயிக்குச் சினை நிக்கல. பொய்ச் சினை. தேவதானத்துல செல்லத்தாய் வீட்டு வெள்ளச்சிக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு, குடுத்துவிட்டேன். எதுக்கு?"

சொன்னேன். முழுக்கச் சொன்னேன், குழி தோண்டினது உட்பட. அவர் துணியைக் கீழே போட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அல்லிக் குட்டி செத்துச்சா? யார்கிட்டலே கத விடுத? சுப்பம்மாவுக்குக் கடைசி ஈத்து முடிஞ்சிருச்சு, இனி அடுத்தவ வீட்டுல வெளங்கக் கூடாதுன்னு ராசியத் திருப்பி வாங்க அனுப்பிருக்கா. அப்படித்தான?"

"வாங்க இல்லண்ணாச்சி. கொளுத்த."

"கொளுத்தவா! அதுல என் பட்டாளத்துச் சட்ட இருக்குலே!"

நான் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். தேவதானம் பஸ் வந்து, ஏறி, அது ஊரைத் தாண்டுவதற்குள் புல்லட் சத்தம் பின்னால் கேட்டது. சன்னலோரமாக அண்ணாச்சி கடந்து போனார். திரும்பி என்னைப் பார்த்தார், வண்டியை இன்னும் முடுக்கினார். பஸ்ஸில் ஒரு அம்மா வாழைக்கட்டை ஏற்ற நிறுத்தச் சொல்லி, கிளீனரோடு கொஞ்ச நேரம் பேரம் பேசினாள். அந்த வாழைக்கட்டு இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

செல்லத்தாய் வீட்டு முள்வேலி வாசலில் புல்லட் நின்றிருந்தது. செல்லத்தாயின் புருஷனுக்குப் போலீஸில் எங்கோ வடக்கே வேலை. மாடு, வயல், நாய் எல்லாம் அவள் பொறுப்பு. அண்ணாச்சி உள்ளே போய் ஓதி முடித்துவிட்டார் போல. அவள் இடுப்பில் கை வைத்து நின்றாள். அவளுக்குப் பின்னால் தொழுவத்தின் மூலையில் வெள்ளச்சி சுற்றிச் சுற்றி வந்து மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. வயிறு கீழே இறங்கியிருந்தது. பக்கத்தில் சாக்கு விரித்துத் தயாராக இருந்தது.

"குட்டி போடுற நேரத்துல எழவு சொல்ல வந்தியாலே?" என்றாள்.

"அதுல படுக்க விடாதீகக்கா. எங்க குட்டி அம்புட்டும் போயிருச்சு."

"உள்ள வந்து சொல்லு. ஏன், கால் கூசுதா?"

"என் மேலயும் அந்த நோய் இருக்கும். வரக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிருக்காக."

அண்ணாச்சி சிரித்தார். "பாத்தியா தாயி, நல்லாச் சொல்லிக் குடுத்து அனுப்பிருக்கா. செத்த விட்டா அழுவான்."

அழுகை வரத்தான் செய்தது. வெள்ளச்சி சாக்கை முகர்ந்தது. ஒரு முன்னங்காலை அதன்மேல் வைத்தது. எனக்கு வேலியைத் தாண்டிக் குதித்து அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடத் தோன்றியது. ஓடுவது எனக்குத் தெரிந்த ஒரே கலை. ஆனால் குதித்தால் நானே சாக்கு. வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"எனக்கு அது வேண்டாம்க்கா! சுப்பம்மாக்காவுக்கும் வேண்டாம்! கொளுத்திட்டு வரச் சொன்னாக!"

செல்லத்தாய் திரும்பினாள். "யாரு? சுப்பம்மாளா? அவ சீலைய அவளே கொளுத்தச் சொன்னாளா?"

"ஆமா."

அவள் என் முகத்தையே பார்த்தாள். ராசியைத் திருப்பி வாங்க வருகிறவன் கொண்டுபோவான், கொளுத்த மாட்டான். அவள் மனசில் அந்தக் கணக்கு ஓடியது எனக்குத் தெரிந்தது. நாயின் காலை நகர்த்திவிட்டு, சாக்கைச் சுருட்டி வேலிக்கு மேலே தெருவில் எறிந்தாள்.

"பொய்யினா நீ இத எடுத்துட்டு ஓடிருவ. மெய்யினா இங்க, என் கண்ணு முன்னால கொளுத்து."

"ஏட்டி, கிறுக்கச்சி!" என்று அண்ணாச்சி பாய்ந்து வந்தார். அவள் கையை நீட்டி அவரை மறித்தாள்.

தீப்பெட்டி எடுத்தேன். சாக்கு பிடிக்கவில்லை. வருஷக்கணக்கில் அழுக்கு ஊறிப்போன சாக்கு, புகைந்ததே தவிர எரியவில்லை. குச்சி குச்சியாகக் கிழித்தேன். தெரு கூடிவிட்டது. "ராசியக் கொளுத்துறானுவளே" என்று ஒரு குரல். செல்லத்தாய் உள்ளே போய் மண்ணெண்ணெய்ப் புட்டியைக் கொண்டுவந்து வேலிக்கு மேலே நீட்டினாள். ஊற்றினேன். குப்பென்று பிடித்தது. முதலில் வேட்டித் துணிகள் போயின. பச்சைத் துணி சுருண்டபோது அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடியில் இருந்த அக்காவின் சேலைத்துண்டு கடைசியில்தான் எரிந்தது.

மிச்சம் இருந்த பவுடர் பொட்டலத்தை உள்ளே எறிந்தேன். சாக்கு கிடந்த இடத்தில் கரைத்து ஊற்றச் சொன்னேன். நாயை வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னேன். "சுப்பம்மாட்ட சொல்லு. அவ ராசியும் வேண்டாம், அவ சங்காத்தமும் வேண்டாம். நீயும் இந்தப் பக்கம் தல காட்டாத" என்றாள். ஆனால் நான் கிளம்பும்போது அவள் வெள்ளச்சியைக் கழுத்தோடு பிடித்து அடுப்பங்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனதைப் பார்த்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பினபோது அக்கா அதே பெஞ்சில் இருந்தார். பாட்டில் மாறியிருந்தது. குட்டி கண்ணை மூடிக் கிடந்தது. எரித்தாகிவிட்டது என்றேன்.

"அங்க குட்டி?"

"இன்னும் போடல. போட்டாலும் அந்தச் சாக்கு மேல இல்ல."

"என்ன சொன்னாக?"

சொன்னேன், எதையும் குறைக்கவில்லை. அவர் கேட்டு முடித்துவிட்டு, "அம்புட்டுந்தானா?" என்றார். "குட்டி பொழைக்கும்னா, வைஞ்சா வைஞ்சிட்டுப் போறா."

பெட்டைக்குட்டி அன்றைக்கும் சாகவில்லை, மறுநாளும் சாகவில்லை. டாக்டரம்மா காலையும் மாலையும் தோலைக் கிள்ளிப் பார்ப்பார். ஒருநாள் கிள்ளின தோல் விரலை விட்டதும் படிந்தது. கொஞ்ச நேரத்தில் அது தலையைத் தூக்கி அக்காவின் புறங்கையை நக்கியது. அக்கா அப்போதுதான் அழுதார், தெலுங்கில்.

செல்லத்தாய் வீட்டில் அத்தனை குட்டியும் பிழைத்தன. சுப்பம்மாவின் சாக்கைக் கொளுத்தியதால்தான் தனக்கு ராசி வந்தது என்று அவள் ஊரெல்லாம் சொன்னாள். அக்காவின் காதுக்கு வந்தது. அவர் மறுக்கவில்லை. மண்ணில் அந்த நோய் கிடக்கும் என்று டாக்டரம்மா சொன்னதால் கொட்டடியை வெறுமனே போட்டுவிட்டார். குட்டி பார்க்க வந்து வாசலை நிறைத்தவர்கள் வரவில்லை. மற்ற நாய்களைக் கொடுத்துவிட்டு, அல்லியையும் பெட்டைக்குட்டியையும் அக்கா வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். கொட்டடி இல்லாத இடத்தில் எனக்கு என்ன வேலை? பழையபடி பஸ் ஏறிவிட்டேன்.

தொண்ணூறுகளில் ஒரு லாரியோடு செங்கோட்டை போகிற வழியில் தேவதானத்தில் டயர் பஞ்சராகி நின்றது. நடந்து போய்ப் பார்த்தேன். செல்லத்தாய் வீட்டு வாசலில் வேலியடைப்புக்குக் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு. பிளீச்சிங் பவுடர். உள்ளே குட்டிகள் கத்துகிற சத்தம். தண்ணீர் எடுத்துப் போன பெண்ணிடம் கோடு எதற்கு என்று கேட்டேன். "நாயி குட்டி போட்ட வீட்டுல ராசிப் பொடி போடுவாக. கோட்டத் தாண்டி யாரும் போகப்படாது. செல்லத்தாயி மைனிதான் முதல்ல போட்டது" என்றாள். சேத்தூரிலும் போடுகிறார்களாம். ஆர்மி அண்ணாச்சி வீட்டிலும்.

செல்லத்தாய் வெளியே வந்தாள். நரைத்திருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். வா என்று சொல்லவில்லை. நான் கோட்டுக்கு வெளியிலேயே நின்றேன். அவள் உள்ளே போய் ஒரு குட்டியைத் தூக்கிவந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, முகத்தை எனக்குத் திருப்பிக் காட்டினாள். ரோஸ் மூக்கு. லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

இப்போது எல்லோரும் நாய்க்குத் தடுப்பூசி போடுகிறார்கள், அட்டை வைத்திருக்கிறார்கள். நல்லதுதான். சாக்கு போனதற்கு நான் வருத்தப்படவில்லை, அது போக வேண்டியதுதான். போன வருஷம் அந்தப் பக்கம் போனேன். சுப்பம்மாக்கா இல்லை. கொட்டடி இருந்த இடத்தில் மாடி வீடு. தேவதானத்தில் செல்லத்தாய் வீட்டு வாசலில் சிமெண்ட் போட்டு, இரும்புக் கேட் வைத்திருக்கிறார்கள். கோடு இல்லை. வெள்ளைக் கோடு ஒன்று இருக்குமே என்று கேட்டேன். வாசலில் நின்ற பையன், "கோலமாண்ணே?" என்று கேட்டான்.